வைஷு எதற்கு வருகிறாள்?

20 அக்டோபர் 2024, ஞாயிறு

அந்தப் பெண் இன்றும் வந்தாள். இந்த மாதம் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. கையில் சீதாப்பழப் பை. "ஆன்ட்டிக்குப் பிடிக்கும்னு வாங்கினேன் அங்கிள்." என் மனைவி சரசாவுக்கு சீதாப்பழம் பிடிக்கும் என்று இவளுக்கு யார் சொன்னது?

வைஷு. என் மகள் அகல்யாவோடு ஒரே மைதானத்தில், ஒரே கோச்சிடம் எண்ணூறு மீட்டர் ஓடியவள். அகல்யா முதலாவது வந்தால் இவள் இரண்டாவது. ஜூனியர் பிரிவிலிருந்தே அப்படித்தான். அகல்யா புற்றுநோயோடு படுத்திருந்தபோது ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தாள், கதவோரம் நின்றாள், போய்விட்டாள். போன ஜனவரியில் எல்லாம் முடிந்தது. பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு இவளிடமிருந்து ஒரு போன் கிடையாது. இப்போது திடீரென்று என்ன பாசம்?

சரசாவிடம் கேட்டேன். "புள்ளைக்குப் பிரியம் இருக்கு, வாரா. அவ வந்தா ஒங்களுக்கு என்ன செய்யுது?" என்றாள்.

எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கேள்வி கேட்கிறேன், அவ்வளவுதான். விமானப்படையில் போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது இந்த மராத்தி ஊரில், கராடிப் பக்கம், ஒரு ஐ.டி. பார்க்கில் செக்யூரிட்டி அதிகாரி. சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

22 அக்டோபர்

காலையில் ஒருவன் நண்பனுடைய அடையாளக் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தான். போட்டோவைப் பார்க்காமலே பிடித்துவிட்டேன். கார்டுக்குச் சொந்தக்காரனின் நடை எனக்குத் தெரியும், இது வேறு நடை. கேட்டில் நின்ற பையன்கள் வாயைப் பிளந்தார்கள். கொஞ்சம் தலைக்கனமாகத்தான் இருந்தது.

27 அக்டோபர், ஞாயிறு

இன்று காரணம் லேசாகப் பிடிபட்டது. அந்தப் பெண் பார்க்க வரவில்லை, விசாரிக்க வருகிறாள்.

தோசை தின்றுகொண்டே கேட்கிறாள்: "ஆன்ட்டி, அகல்யாக்கு ஃபர்ஸ்ட் எங்க வலிச்சது? முட்டிக்கு மேலயா, கீழயா?"

"மேலதாம்ட்டி. இந்தா, இந்த எடத்துல."

"நைட்ல வலிக்குமா? இல்ல ரன் பண்ணும்போது மட்டுமா?"

"ரெண்டும்தான்."

"ஃபீவர் வந்துச்சா? வெயிட் கம்மி ஆச்சா?"

சரசா ஒன்று விடாமல் சொல்கிறாள். அவளிடம் யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை, நானும் பேசுவதில்லை. கேட்க ஆள் கிடைத்ததும் கொட்டிவிட்டாள். நான் ஹாலில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி படிக்கவில்லை. இந்த மாதிரி விசாரணையை நானே எத்தனையோ செய்திருக்கிறேன். சாப்பாடு, சிரிப்பு, நடுவில் ஒரு கேள்வி. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் காய்ச்சல் வந்ததா, எடை குறைந்ததா என்றா கேட்பார்கள்?

ரெண்டு வருடம் முன்பு இதே அக்டோபர்தான். மாநிலப் போட்டி முடிந்து வந்தவள் முட்டிக்கு மேலே வலிக்கிறது என்றாள். அதிகம் ஓடிவிட்டாய் என்றோம். கோச் ஐஸ் வைக்கச் சொன்னார், சரசா தைலம் தேய்த்தாள், ஃபிசியோ நீல டேப் ஒட்டினான். டேப்போடு ஓடினாள். அந்தக் கூட்டத்தில் யாருக்குத்தான் வலி இல்லை? வலிக்காத நாளில் ஒழுங்காக ஓடவில்லை என்று அர்த்தம், அந்தப் பிள்ளைகளின் கணக்கு அது. ஒருவர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லும்போது பிப்ரவரி ஆகிவிட்டது.

31 அக்டோபர், தீபாவளி

வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. ஆபீஸில் கொடுத்த சோன்பப்டி பிரிக்காமல் கிடக்கிறது. வைஷுவிடமிருந்து வாழ்த்துச் செய்தி. எனக்கு எதற்கு?

3 நவம்பர், ஞாயிறு

அவள் வருவதற்கு முன்பே நான் மைதானத்துக்குக் கிளம்பிவிட்டேன். காசிம் கோச்சைப் பார்த்து வைஷுவைப் பற்றி மெல்ல விட்டுப் பார்த்தேன். "காலையில் வருகிறாள், தனியாக ஓரத்தில் வார்ம்-அப் பண்ணுகிறாள், ஓடிவிட்டு உடனே போய்விடுகிறாள். நேரம் கொஞ்சம் மந்தம். பரீட்சை என்கிறாள்" என்றார் இந்தியில். டிசம்பரில் மாநில அணித் தேர்வு இருக்கிறதாம், அவளுக்கு நல்ல வாய்ப்பாம்.

அவர் அறை வாசலில் புதிதாக ஒரு பலகை. வலி இருந்தால் தடத்தில் கால் வைக்காதே, ஸ்கேன் எடுத்துக்கொண்டு வா என்று மராத்தியில் பெரிய எழுத்து. நான் அதைப் படிப்பதைப் பார்த்துவிட்டு, "ஒரு பிள்ளையை வலியோடு ஓடவிட்டேன், ரவி சார். இனிமேல் முடியாது" என்றார். அவர்மேல் ஒரு காலத்தில் கொலைவெறியே இருந்தது. இப்போது அதற்குத் தெம்பில்லை.

கேலரியில் சும்மா உட்கார்ந்தேன். அகல்யா இங்கேதான் எப்போதும் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருப்பாள், கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்வரை. நான் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். "முன்னால போனா காத்து நம்ம மூஞ்சில அடிக்கும்ப்பா. முன்னால போறவ வாங்கிக்கட்டும்" என்பாள். மணி அடித்ததும் முழங்கையை வெளியே தள்ளிக்கொண்டு ஒரு பாய்ச்சல். பிடிவாதக்காரி. தோற்ற அன்று ரெஃப்ரியிடம் மராத்தியில் சண்டை போட்டு அவரையே மன்னிப்புக் கேட்க வைத்தவள்.

முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டவள் எப்போதும் வைஷுதான். வருடக்கணக்காக. அவளுக்கு என் மகள்மேல் பாசம் வர ஒரு காரணமும் இல்லை.

10 நவம்பர், ஞாயிறு

அவள் எக்ஸ்ரே படத்தைக் கேட்டிருக்கிறாள். சரசா பீரோ மேலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நான் காய்கறி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறேன், பால்கனியில் நின்று என் மகளின் எலும்பை வெளிச்சத்துக்குப் பிடித்து போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாள்!

பிடுங்கிவிட்டேன். "இது என்ன காட்சிப் பொருளா?" என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். சரசா என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். நாளைக்கே அந்தப் போட்டோ சோகப் பாட்டோடு எங்கேயாவது ஓடும். 'என் தோழியின் கடைசி நாட்கள்' என்று எழுதி லைக் வாங்குவாள். இந்தக் காலத்தில் சாவைக்கூட விடுவதில்லை.

12 நவம்பர்

நெட்டில் அவளுடைய பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். எக்ஸ்ரே இல்லை. அகல்யா பற்றி ஒரு வார்த்தை இல்லை. செப்டம்பர் வரை தினமும் ஓடுகிற வீடியோ, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. தேர்வு நெருங்கும்போது பயிற்சியை மறைக்கிறாள் போல. எமகாதகி.

17 நவம்பர், ஞாயிறு

போன வாரம் அவ்வளவு திட்டியும் இன்று வந்தாள்! என் வீட்டுக்கு வர அவளுக்கு ஏதோ கட்டாயம் இருக்கிறது. இல்லாவிட்டால் இந்த அவமானத்துக்குப் பிறகு யார் வருவார்?

குறித்துவைக்கிறேன். இந்த வெயிலிலும் கணுக்கால் வரை பேன்ட். பக்கத்தில் வந்தால் வலித்தைலம் வாசம். கீழே உட்காரச் சொன்னால் நாற்காலி கேட்டாள். பெரிய இடத்துப் பெண், தரையில் உட்கார மாட்டாளாம்.

அவள் போன பிறகு அலமாரியைப் பார்த்தேன். அகல்யாவின் ஷூ இருக்கிறது, மெடல் இருக்கிறது. முழங்காலில் மாட்டுகிற கறுப்புப் பட்டை இல்லை.

திருடி.

24 நவம்பர், ஞாயிறு

நேராகவே கேட்டேன். "வைஷு, அகல்யாவோட முட்டிப் பட்டை எங்க?"

முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் எடுத்தேன் அங்கிள். ஸாரி. ரிட்டர்ன் பண்ணிடறேன்."

"எதுக்கு எடுத்த?"

எழுந்து பையைத் தேடினாள்.

"வந்து வந்து வலி எங்க, காய்ச்சல் வந்துச்சான்னு கேக்க. படத்தப் போட்டோ புடிக்க. அவ சாமானத் தூக்கிட்டுப் போற. என் மக செத்த கதை ஒனக்கு என்னத்துக்கு? அவ போனதுல ஒனக்குத்தானே லாபம்? இப்ப நீதான் ஃபர்ஸ்டு, பொறவு என்ன வேணும்?"

சொல்லிவிட்டேன். அப்படியே, இதே வார்த்தைகள். சரசா அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "என்ன பேச்சு பேசுதீய!" என்று கத்தினாள். அந்தப் பெண் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான் கோபத்தோடு கதவடியிலேயே நின்றிருந்தேன். அவள் படி இறங்குகிற சத்தம் கேட்டது. ஒரு படி. நிற்கிறாள். மற்றக் காலும் அதே படிக்கு வருகிறது. அடுத்த படி. நிற்கிறாள். கைப்பிடியில் வளையல் உரசுகிறது.

மூளைக்கு எட்டுவதற்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அகல்யா அந்த வருட நவம்பரில் இப்படித்தான் இறங்கினாள்.

"வைஷு!" என்று கத்தினேன். சத்தம் வேகமானது, ஒற்றைக் காலில் தாவுகிற மாதிரி. நான் கீழே போவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

முட்டிக்கு மேலயா கீழயா, நைட்ல வலிக்குமா, ஃபீவர் வந்துச்சா... ஐயோ, அவ கேட்டதெல்லாம் அகல்யாவைப் பத்தி இல்ல. அவளப் பத்தி. பேன்ட், தைலம், நாற்காலி, எல்லாத்தையும் பார்த்தேனே. பார்த்து என்னத்தக் கிழிச்சேன்?

25 நவம்பர்

போன் எடுக்கவில்லை. சரசா அழைத்தாலும் எடுக்கவில்லை.

சரசா சொல்கிறாள்: "எங்கிட்ட அத்தனையும் கேட்டாளே, எனக்குத் தோணலையே." எனக்கும் தோன்றவில்லை, எனக்கு அதற்குச் சம்பளம் வேறு.

ஏன் மறைக்கிறாள் என்பதும் புரிகிறது. கோச்சின் பலகை. வலி என்று வாயைத் திறந்தால் தடத்தைவிட்டு வெளியே, தேர்வு போய்விடும். எங்கள் பிள்ளைக்காக வைத்த பலகை இந்தப் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டது.

26 நவம்பர்

அவள் வீட்டுக்குப் போனேன். கராடியில் பெரிய அடுக்குமாடி. கேட்டில் ஒரு சின்ன வயது செக்யூரிட்டி, பெயர், யாரைப் பார்க்க, எதற்கு என்று கேட்டான். "பர்சனல்" என்றேன். பர்சனல் என்று சொல்பவனை உள்ளே விடாதே என்று என் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவனும் விடவில்லை.

அவள் அப்பா ஹரிபிரசாத் இறங்கிவந்தார். கோயம்புத்தூர்க்காரர், காதில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. "வைஷு அன்னிக்கு அழுதுட்டு வந்தாளுங்க. உங்க வீட்ல என்ன நடந்துச்சு?" என்றார். நான் பிறரைப் பார்க்கும் அதே பார்வை. திட்டியதைச் சொன்னேன். பிறகு, "அவ கால்ல வலி இருக்கு சார், மறைக்கா. ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க" என்றேன்.

"தினமும் ஓடறாளுங்க. வலின்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீங்க கண்ணால பாத்தீங்களா?"

படியிறங்குகிற சத்தம் கேட்டேன் என்றேன். சொல்லும்போதே எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தது!

அவர் குரல் இறங்கியது. "உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா எல்லாக் குழந்தைகளையும் உங்க பொண்ணாப் பாக்காதீங்க."

27 நவம்பர்

அவர் சொன்னது உண்மையாக இருக்குமோ? மற்றவர்களையெல்லாம் சந்தேகப்பட்டாயிற்று. இன்று முழுக்க என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். வெறும் சுளுக்காக இருந்து, நான் போய்ச் சொல்லி, அவள் தேர்வு போய்விட்டால்? அது இல்லாமல் மற்றதாக இருந்து, நான் சொல்லாமல் விட்டால்?

28 நவம்பர்

சொல்லிவிட்டேன்.

காலையில் மைதானம். அவள் ஓரத்தில் தனியாக வார்ம்-அப் செய்துகொண்டிருந்தாள். காசிம் கோச்சிடம் போய் ரெண்டே வாக்கியம் சொன்னேன். அவர் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. விசில் அடித்து அவளைக் கூப்பிட்டார். "வலது காலில் மட்டும் நின்று குதி" என்றார். குதித்தாள், பந்து மாதிரி. "இடது."

அவள் இடது காலில் நின்றாள். "குதி" என்றார். நிற்கிறாள். என்னைப் பார்த்தாள். அவள் குதிக்கவில்லை. கோச் அவள் முன்னால் மண்டியிட்டு, பேன்டை மேலே தள்ளச் சொன்னார். உள்ளே அகல்யாவின் பட்டை. அதற்குக் கீழே கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். அவள் அலறியது தடம் முழுக்கக் கேட்டது.

அப்புறம் என்னிடம் வந்தாள். "உங்க பொண்ணு இல்ல, அதனால நானும் ஓடக்கூடாதா? ஜலஸ் உங்களுக்கு! டிசம்பர் வரைக்கும் வெயிட் பண்ணியிருக்கலாம்ல?" மீதியை மராத்தியில் திட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள். நான் அவளைச் சொன்னதைவிட இது குறைவுதான். வாங்கிக்கொண்டேன்.

ஹரிபிரசாத்துக்கு கோச்சே போன் செய்தார்.

2 டிசம்பர்

ஸ்கேன் எடுத்தார்கள். ஹரிபிரசாத்தே கூப்பிட்டார், "கொஞ்சம் வர்றீங்களா? எங்களுக்கு என்ன கேக்கறதுன்னே தெரியல" என்று. நானும் சரசாவும் போனோம். அகல்யாவைக் காட்டிய ஆஸ்பத்திரி இல்லை. ஆனாலும் வராந்தாவில் கால் வைக்க என்னால் முடியவில்லை. சரசாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வைஷு என் பக்கம் திரும்பவில்லை. சரசாவின் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாளாம்: "ஒவ்வொரு சண்டேயும் உங்ககிட்ட கேட்டுட்டுப் போவேன் ஆன்ட்டி. அவளுக்கு மேல, எனக்குக் கீழ. அவளுக்கு ஃபீவர், எனக்கு இல்ல. அப்போ எனக்கு அது இல்லன்னு நெனச்சுப்பேன். ஒரு வாரம் ஓடிடும். அப்புறம் மறுபடி பயமா இருக்கும்."

அதற்குத்தான் வந்தாளா. திட்டு வாங்கிக்கொண்டும் வந்தது அதற்குத்தானா.

3 டிசம்பர்

ரிப்போர்ட் நாளைக்கு. ஒன்றும் எழுத ஓடவில்லை.

4 டிசம்பர்

அது இல்லை.

எலும்பில் விரிசல். ஓடி ஓடி, ஓய்வில்லாமல் ஓடி வந்த விரிசல். டாக்டர் படத்தில் கோடு போட்டுக் காட்டினார். காலை ஊன்றக் கூடாது, ஓட்டம் கொஞ்ச காலத்துக்குக் கிடையாது, ஆனால் கூடிவிடும் என்றார். "வேறெதுவும் இல்லையே?" என்று நான் கேட்டேன். "இல்லை" என்றார். நம்பாமல் மறுபடி கேட்டேன். பெற்றவர்கள் யார் என்று அவருக்கே குழப்பம் வந்திருக்கும்.

ஹரிபிரசாத் என் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், விடவில்லை. வைஷு தேர்வு போனதற்காக அழுதாள். அழட்டும், நல்லா அழட்டும், உயிரோட உக்காந்து அழுதாளே, அது போதும்.

சந்தோஷம்தான். பொய் எழுதமாட்டேன், பார்க்கிங்கில் வண்டியை எடுக்கும்போது வேறொன்றும் வந்தது. எங்களுக்கு மட்டும் ஏன் ஒரு டாக்டரும் விரிசல்தான்னு சொல்லல? என் புள்ளைக்கு ஏன் வெறும் விரிசலா இருக்கல? சாவியைத் துளையில் போட முடியவில்லை. சரசா பின்னாலிருந்து, "அழணும்னா அழுதுட்டு எடுங்க. நான் நிக்கேன்" என்றாள்.

22 டிசம்பர், ஞாயிறு

இன்று தேர்வு நடந்திருக்கும். யார் ஜெயித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஞாயிறு, வாசல் மணி அடிக்க யாரும் இல்லை. சரசா பழக்கத்தில் மாவு அதிகமாகக் கரைத்துவிட்டாள்.

11 ஜனவரி 2025

அகல்யாவுக்கு முதல் வருஷத் திதி. சரசா அவளுக்குப் பிடித்த கூட்டாஞ்சோறு செய்தாள். காசிம் கோச் வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போனார்.

மதியம் பால்கனியிலிருந்து பார்த்தால், கீழே வைஷு, ஊன்றுகோலோடு. மாடி ஏற முடியாமல் நின்றுகொண்டிருக்கிறாள், கூப்பிடவும் இல்லை. சரசா தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ரெண்டு பேரும் வாட்ச்மேன் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஏதோ சொல்லிச் சிரித்த மாதிரிகூட இருந்தது. அகல்யாவின் முழங்கைக் குத்து பற்றியாம். வைஷுவின் விலாவில் எப்போதும் ஒரு நீலம் இருக்குமாம். நான் மேலேயே நின்றேன். என்னிடம் பேசவில்லை, நியாயம்தான்.

9 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் போன். திரையில் அவள் பெயரைப் பார்த்ததும் பகீரென்றது. என்ன ஆச்சோ என்று.

"அங்கிள், டாக்டர் ஓகே சொல்லிட்டார். காசிம் சார் மெதுவா ஜாக் பண்ணலாம்னார். ஆனா யாராவது நின்னு பாக்கணுமாம். டாடி வேஸ்ட், வலிக்கலன்னு சொன்னா நம்பிடுவார். நீங்க வரீங்களா? நீங்க யாரையும் நம்ப மாட்டீங்கல்ல."

"என்மேல கோவம் போயிட்டா?"

"இல்ல. கோபம் இருக்கு. வாங்க."

போனேன். மெலிந்திருந்தாள், இடது கால் கொஞ்சம் சூம்பியிருந்தது. தடத்தில் இறங்கி, உள்பக்கக் கோட்டை ஒட்டி ஓடத் தொடங்கினாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது, பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் இதைவிட வேகமாகப் போவார்கள். நான் கண்ணை எடுக்கவில்லை. முகம் பொய் சொல்லும். தோள் சொல்லாது, வலிக்கிற பக்கம் தானாக இறங்கிவிடும். ஒரு சுற்று முழுக்கத் தோளையே பார்த்தேன். இறங்கவில்லை.

மூச்சு வாங்க என் எதிரில் வந்து நின்றாள். "வலிக்கல அங்கிள்."

அவளை மேலும் கீழும் பார்த்தேன். "சரி, இன்னொரு சுத்து போடுட்டி" என்றேன்.

போனாள். அவள் அந்தக் கோடி வளைவில் இருக்கும்போது சரசா கூப்பிட்டாள். காலையிலிருந்து வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

"ஓடுதாளா?" என்றாள்.

"ஓடுதா" என்றேன். போனைக் காதில் வைத்தபடியே அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரசாவும் போனை வைக்கவில்லை.